கூரையில் கட்டிய சலங்கை

கூரையில் ஒரு தகரம் பெயர்ந்த மறுநாள் லோகன் பகல் முழுவதும் தூங்கினான்.

அப்படி ஒரு தூக்கம் அவனுக்கு வாய்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவனுக்கு இரவு வேலை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். காலையில் மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டுப் படுப்பான். வெயில் ஏற ஏறக் கூரை கொதிக்கும். முதுகு பாயோடு ஒட்டும். எழுந்து முகம் கழுவுவான். அறை மாறுவான். சமையலறைத் தரையில் படுப்பான். குளியலறை வாசலில் படுப்பான். மாலையில் மலர் வேலை முடிந்து வரும்போது கண் சிவந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பான். பிறகு வேலைக்குக் கிளம்புவான்.

அன்று அவள் வந்தபோது அவன் வீட்டின் நடுவில், சாமி மேடைக்கு முன்னால், தரையில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் சுத்தியல். ஒரு கிண்ணத்தில் ஆணிகள். ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. மேலே தகரம் விலகிய இடத்தில் கொஞ்சம் வானம் தெரிந்தது.

விழுந்துவிட்டான் என்று நினைத்தாள். குனிந்து அவன் மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு வந்தது. பிறகு குறட்டையும் வந்தது.

முந்தின நாள் அவன் வேலைக்குப் போன பிறகு புயல் மழை. காற்று ஒரு தகரத்தைக் கிளப்பியது. விடியும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது. மலர் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவன் வந்ததும், தான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அதை அடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏன் அடிக்கல?"

"ஏணிய எடுத்து வச்சேன். அஞ்சு நிமிஷம் படுப்போம்னு..." கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "மலர், நான் தூங்கிட்டேன்."

"தெரியுது."

"இல்ல லா. தூங்கிட்டேன்."

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

தூக்கம் அவனுக்கு வேலைப் பிரச்சினை. சில வாரங்களுக்கு முன் ஃபோர்க்லிஃப்டில் அவன் கண் மூடிவிட்டது. வண்டியின் இரும்பு முள் இரண்டும் ஒரு பீப்பாய் அடுக்கில் புகுந்தன. அங்கே நின்றிருந்த நேபாளி ஒருவன் குதித்து விலகினான். யாருக்கும் அடியில்லை. சூப்பர்வைசர் சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை நடந்தால் வண்டியை மறந்துவிடு, கூட்டுமாறு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பகல் ஷிப்டு கேட்டான். பகலில் இடமில்லை.

அன்றிலிருந்து அவன் வீட்டோடு மல்லுக்கு நின்றான்.

பழைய வரிசை வீடு அது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் முன்னால் உண்டு, பின்னால் உண்டு, நடுவில் கிடையாது. நடுவில் பகலிலும் விளக்கு எரிந்தது. படுக்கையறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் நிற்காமல் ஓடியது. ஓடியும் சுவர் சுட்டது. ஏர்கோன் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்டு போனது. லோகன் ஓடுகளுக்கு அடியில் அலுமினியத் தாள் விரித்தான். பின்பக்கத் தகரத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். வீடு மேற்குப் பார்த்தது என்பதால் வாசலில் கம்பி கட்டிச் சங்குப்பூக் கொடி ஏற்றினான். ஏர்கோன் வைத்தபோது சிமெண்ட் பூசி மூடிய ஜன்னல் மேல் துளைகளை உளியால் ஒவ்வொன்றாகத் திறந்தான்.

சுவர்ச் சூடு குறைந்தது. ஆனால் உள்ளே வந்த காற்று போக வழியில்லாமல் நின்றது. அவன் தூங்கவில்லை.

இப்போது அவன் எழுந்து சாமி மேடையிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினான். மலரைப் பார்க்கச் சொன்னான். வழக்கமாக அந்தப் புகை மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து தகரத்தைக் கரியாக்கும். இன்று நேராக மேலே ஏறியது. விலகிய இடத்தைக் கண்டுபிடித்து வெளியே போனது.

"பாத்தியா? சூடு அது வழியா போவுது. முன்னாலேர்ந்து காத்து உள்ள வருது."

"பாத்தேன். மழை வரப்போவுது, ஏறி அடிங்க."

அவன் ஏறி அடித்தான். மறுநாள் தூங்கவில்லை.

*

அந்த இடத்தில் முன்பு கூரையே கிடையாது. வீட்டைக் கட்டியவர்கள் நடுவில் வானம் தெரியும் ஒரு சதுரத்தை விட்டிருந்தார்கள். ஏர்வெல் என்று பெயர். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். மழை உள்ளே விழுந்து மூலைத் துளை வழியாக வெளியே ஓடும்.

லோகனின் அப்பா நாகையா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டுக் கடைசியில் இந்த வீட்டை வாங்கினார். மலர் இங்கே கல்யாணமாகி வந்த வருஷம், ஒரு மத்தியானம், அந்தச் சதுரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மேலிருந்து ஒருவன் இறங்கினான். கையில் பாராங் கத்தி. அவள் கழுத்தைக் காட்டினான். அவளே தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் பின்கதவைத் திறந்துகொண்டு நடந்துபோனான்.

அன்றிலிருந்து அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். தங்கம் போடச் சொல்லிப் பலர் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே நாகையா ஏர்வெல்லைத் தகரம் போட்டு மூடினார். மூடியும் அவருக்குத் திருப்தியில்லை. கூடத்தில் இருந்த சாமி மேடையைத் தூக்கிவந்து தகரத்துக்கு நேர் கீழே வைத்தார். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இனிமே எவனாச்சும் இது வழியா எறங்கணும்னா இவங்க தலை மேலதான் கால வைக்கணும்."

நாகையா இறந்தும் மேடை அங்கேயே இருந்தது. பொழுது சாய்ந்ததும் மலர் அங்கே விளக்கேற்றுவாள். லோகன் கிளம்புவான். விளக்கு எரியும்வரை விழித்திருந்துவிட்டு அவள் தூங்கிப்போவாள். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லோகன் பேச்சை எடுத்தான். தகரத்தை எடுத்துவிடலாம் என்றான். அதற்கு மேலே, கொஞ்சம் உயரத்தில், சின்னதாக ஒரு கூரை. இடையில் நாலு பக்கமும் திறந்திருக்கும். மழை வராது, காற்று வரும். ஏர்கோனைக் கழற்றிவிடலாம். பகலில் விளக்கும் வேண்டாம். அதெல்லாம் கிடக்கட்டும், தான் தூங்கலாம்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கிரில் போட்டுத்தான்" என்றான் அவன்.

"அப்பவும் வீட்டுல கிரில் இருந்துச்சு."

"முன்னாலதான் இருந்துச்சு."

"அதத்தான் சொல்றேன். எங்க இல்லியோ அங்க வருவான்."

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். மலர் அவன் முதுகைப் பார்த்தாள். போன வாரம் அவன் சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பந்திங் சாலையில், சமிக்ஞை விளக்கில், காலை ஊன்றி நின்றபடியே தூங்கிவிட்டானாம். பின்னால் வந்த கண்டெய்னர் லோரி ஹார்ன் அடித்து எழுப்பியதாம். அவள் அப்போது சிரிக்கவில்லை.

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"கம்பி பொடிசா வேணாம்" என்றாள். "தடியா போடச் சொல்லுங்க."

*

கிரில் வேலைக்கு வந்தவன் பெயர் ஷாஹுல் ஹமீது. ராமநாதபுரம் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்தவன். அளவெடுக்கும்போதே நிறையப் பேசினான். சாமி மேடைக்கு எதிரே வந்ததும் நின்றான்.

"சாமிய நீங்களே எடுத்துருங்கக்கா. நான் கை வைக்கல."

மலர் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, மேடையோடு கூடத்துச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். மேடை இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதாக வெளுத்திருந்தது. அந்தச் சதுரத்தை அவள் சுற்றிக்கொண்டு நடந்தாள். மிதிக்கவில்லை.

வேலை முடிந்ததும் ஷாஹுல் கம்பியில் தொங்கிக் காட்டினான்.

"இத அறுக்கணும்னா திருடன் ஜெனரேட்டரோட வரணும்க்கா."

"நீங்க அறுப்பீங்களா?"

"மிஷின் இருந்தா பத்து நிமிஷம்" என்றான். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தான்.

*

லோகன் தூங்கினான். முதல் நாள் மத்தியானம் வரை. பிறகு மாலை வரை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவனைக் கவனிப்பதை விட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போனார். வீட்டின் நடுவில் வெளிச்சம் விழுந்தது. புதுக் கூரையின் ஓரத்தில் ஒரு பீப்பாய் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தான். ஏர்கோனைக் கழற்றி விற்றுவிட்டான். சுவரில் அது இருந்த ஓட்டையைக்கூட அவன் அடைக்கவில்லை, வலை மட்டும் அடித்தான்.

மலர் தூங்கவில்லை.

விளக்கேற்றினாள். ஆனால் விளக்கு கூடத்தில் எரிந்தது, ஏர்வெல்லில் இருட்டு. படுக்கையறைக் கதவைத் தாழிட்டுப் படுத்தாள். தாழிட்டால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. திறந்துவைத்தாள். திறந்தால் அந்த இருட்டுத் தெரிந்தது. பாயைக் கூடத்துக்கு மாற்றினாள். பிறகு சமையலறைக்கு. ஒரு காலையில் லோகன் வந்தபோது அவள் குளியலறை வாசலில் படுத்திருந்தாள். அவன் பழைய இடம் அது.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளருக்கு ரவிக்கைத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டாள். கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் மூடியிருந்தது. முதலாளி அம்மா துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்து உள்ளே வைத்தார். கூட வேலை செய்யும் தாமரை மட்டும் காதோடு கேட்டாள்.

"என்னக்கா, வீட்டுக்காரரு ஷிப்ட நீங்க எடுத்துக்கிட்டீங்களா?"

மலர் சிரித்தாள். பிறகு கடைக் கழிப்பறையில் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் லோகனின் கண்கள் இருந்தன.

அன்று மாலை சாமி மேடையின் அடித்தட்டைத் திறந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி லோகனின் சலங்கைகள் இருந்தன. திருடன் வந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பத்துமலைக்கு மூன்று தைப்பூசம் காவடி எடுத்தான். அப்போது காலில் கட்டியவை. தோல் பட்டையில் வரிசை வரிசையாக மணிகள். துணி உலர்த்தும் கொக்கிக் கம்பை எடுத்தாள். ஏணியில் ஏறி இரண்டையும் கிரிலில் மாட்டினாள். கம்பியை யாராவது தொட்டால் வீடு முழுக்கக் கேட்கும்.

லோகன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து மேலே பார்த்தான்.

"என்ன இது, வீட்டுக்கே காவடியா?"

"ஆமா. வீடுதான தூக்குது."

*

கம்பியை யாரும் தொடவில்லை. காற்று தொட்டது.

மறுநாள் லோகன் படுத்ததும் மேலே சல் என்றது. திரும்பிப் படுத்தான். சல் சல். காற்று வர வர அதுவும் வலுத்தது. காற்று வந்தால்தான் அவனுக்குத் தூக்கம். வந்தால் அது அடித்தது. எழுந்து கொக்கிக் கம்பால் இரண்டையும் இறக்கி மேடையில் வைத்துவிட்டுப் படுத்தான்.

மாலையில் மலர் அதை மறுபடியும் மாட்டினாள்.

சில நாள் இப்படியே ஓடியது. காலையில் அவன் இறக்குவான், மாலையில் அவள் ஏற்றுவாள். ஒரு நாள் அவன் அதைப் பழைய துணியில் சுற்றிக் கட்டிப்போட்டான். அவள் அவிழ்த்தாள். இன்னொரு நாள் மணிகளுக்குள் பஞ்சை அடைத்தான். அவள் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்கும்போது அவனுக்குக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் எழவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் தலையை நீட்டி, ராத்திரியானால் உங்கள் வீட்டில் யார் ஆடுகிறார்கள் என்று கேட்டார்.

மலர் முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்தாளாம். டார்ச் அடித்துப் பார்ப்பாளாம். கம்பி, கூரை, வேறொன்றுமில்லை. இதை அவள் லோகனிடம் காலை வேளைகளில், அவன் சாப்பிடும்போது, துண்டு துண்டாகச் சொன்னாள். காற்று அடித்தால் ஒரு சத்தம். மழைச் சாரல் பட்டால் ஒற்றை ஒற்றையாக ஒரு சத்தம். பூனை நடந்தால் கூரையில்தான் கேட்கும், சலங்கை அசையாது. ஆள் தொட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை ஏணியில் ஏறித் தானே கம்பியை உலுக்கிப் பார்த்தாளாம்.

"எப்படி இருந்துச்சு?"

"வேற மாதிரி."

அதற்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. கடையில் துணியை நேராக வெட்டினாள். காலையில் லோகன் சலங்கையை இறக்கும்போது முன்புபோல எறியாமல் வைத்தான்.

*

பிறகு காற்று நின்றது. எங்கோ காடு எரிந்து புகைமூட்டம் வந்திருந்தது. சூரியன் செம்பு நாணயம்போல் தொங்கியது. சங்குப்பூக் கொடியில் ஓர் இலை அசையவில்லை.

லோகன் வேலையிலிருந்து வந்தபோது மலர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்ன, யாராச்சும் வந்தானா?"

"இல்ல. சலங்கை அடிக்கல. அதான் முழிச்சிக்கிட்டேன்."

"அடிச்சாலும் பயம், அடிக்கலன்னாலும் பயமா?"

"பயமில்ல. முழிப்பு." அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். "போங்க, படுங்க. இன்னிக்கு லோடு இருக்குன்னீங்க."

லோடு இருந்தது. துறைமுகத்துக்குப் போகவேண்டிய கண்டெய்னர்கள். ஒரு ராத்திரிக்குள் ஏற்ற வேண்டும். சூப்பர்வைசர் அவனுடைய பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தார். நல்லதற்கா, சோதிக்கவா என்று தெரியவில்லை.

மலர் போன பிறகு அவன் ஏர்வெல்லுக்குக் கீழே பாயை விரித்தான். கொக்கிக் கம்பை எடுத்தவன் மேலே பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். இன்று அதை இறக்கத் தேவையில்லை. சலங்கைகள் இரண்டும் தலைகீழாகத் தூங்கும் வௌவால்கள்போல் தொங்கின.

படுத்தான். சுவர் சூடேறத் தொடங்கியது. எழுந்து முகம் கழுவினான். படுத்தான். பீப்பாய் அடுக்கு மனத்தில் வந்தது. நேபாளி குதித்தது வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனான், அங்கே படுக்காமல் திரும்பினான். ஓர் ஊதுபத்தி கொளுத்தி ஏர்வெல் தரையில் வைத்தான். புகை மார்பளவு ஏறி, அங்கேயே தயங்கிப் பரவியது.

பின்கதவைத் திறந்து கிரிலைப் பூட்டினான். புகையில் மாற்றமில்லை. முன்வாசலுக்குப் போனான். மரக்கதவு சாத்தியிருந்தது. வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சாத்தியே வைக்க வேண்டும் என்பது மலரின் சட்டம். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன் அதை மீறியதில்லை. கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அகலத் திறந்தான். வெளிக் கிரிலை இழுத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். மழைப் பீப்பாயிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் மொண்டு வந்து வாசல் சிமெண்டிலும் கொடியின் மேலும் ஊற்றினான். கல் சீறியது. மண் வாசனை உள்ளே வந்தது.

திரும்பி வந்து பார்த்தான். புகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே படுத்தான். அது நிமிர்ந்தது. பிறகு மெதுவாக மேலே ஏறியது.

மேலே ஒரு மணி அசைந்தது. ஒன்றே ஒன்று.

அவன் இரண்டாவதுக்காகக் காத்திருந்தான்.

*

மலர் தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டாள். மரக்கதவு திறந்திருந்தது. கூடம் உள்ளே வரை தெரிந்தது. மேடையில் ஏற்றாத விளக்குகூடத் தெரிந்தது. செருப்பைக் கழற்றாமல் ஓடி வந்து கிரிலைப் பிடித்தாள். பூட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தாள். பூட்டியேதான் இருந்தது. தன் சாவியைத் தேடி எடுத்துத் திறந்தாள்.

அவன் ஏர்வெல்லுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலைக்கு மேல் இரண்டு சலங்கைகளும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவு. அவன் அசையவில்லை.

குனிந்து மூச்சைப் பார்த்தாள்.

திரும்பி வாசலுக்குப் போனாள். கிரிலை உள்பக்கமாகப் பூட்டினாள். மரக்கதவைச் சாத்தக் கை வைத்தாள். ஈரக் கொடியிலிருந்து வந்த காற்று முகத்தில் பட்டு, அவளைக் கடந்து உள்ளே போனது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் சலங்கை அடித்தது.

பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். கதவை விட்டுவிட்டு வந்தாள்.

பாயில் அவனுக்குப் பின்னால் இடமில்லை. மேடை இருந்த அந்த வெளுத்த தரையில் காலை வைத்தாள். குளிர்ந்தது. கைப்பையைத் தலைக்கு வைத்து அங்கேயே படுத்தாள். அவனை எழுப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.